சாயம் போகுமா?

ஜவுளிக்கடையில் பிறந்து வளர்ந்த ஒருவன், பிற்காலத்தில் எந்தத் தேசத்துக்குப் போனாலும், எந்த உத்தியோகத்தில் அமர்ந்தாலும், எதிரே வந்து நிற்கும் மனிதரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் சட்டைத் துணியின் நூல் எத்தனையாம் நம்பர், கஜம் என்ன விலை இருக்கும், இரண்டு வெளுப்புக்குத் தாங்குமா என்று மனத்துக்குள் கணக்குப் போட்டு முடித்துவிடுகிற பழக்கத்திலிருந்து விடுபடுவதே இல்லை. எனக்கும் அந்த வியாதி உண்டு. அது எனக்கு ஒரே ஒரு முறைதான் பெரிய செலவு வைத்தது. அந்தச் செலவைப் பற்றித்தான் இங்கே சொல்ல வந்தேன்.

மதுரை விளக்குத்தூணுக்கு அருகில் என் தகப்பனார் வைத்திருந்த கடை பெரிய ஸ்தாபனம் அல்ல. வீதியிலிருந்து இரண்டு படி ஏறினால் கோரைப்பாய். பாயின் மேல் வெள்ளை விரிப்பு. விரிப்பின் ஓரத்தில் கல்லாப் பெட்டி. அதன் பின்னால் திண்டில் சாய்ந்தும் சாயாமலும் அவர். அவருடைய வலது கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு பித்தளைக் கூஜாவில் தண்ணீர். வாடிக்கைக்காரர்கள் செருப்பைப் படியில் கழற்றிவிட்டு வந்து உட்காருவார்கள். உட்கார்ந்த மாத்திரத்தில் அவர்கள் முன்னால் துணி விழ ஆரம்பிக்கும். விழும் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைச் சிப்பந்தி ஒரு சேலையை அலமாரியிலிருந்து உருவி, ஓர் உதறு உதறி, முந்தானை மட்டும் சரியாக அந்த அம்மாளின் மடியில் போய் இறங்கும்படி வீசுகிற வித்தையை நான் வேறெந்த ஊரிலும் அத்தனை நேர்த்தியாகப் பார்த்ததில்லை. ஒரு சேலை விற்பதற்கு ஐம்பது சேலை விரிய வேண்டும் என்பதும், ஐம்பதையும் விரித்துப் பார்த்தபின் ஒன்றும் வாங்காமல் எழுந்து போகிறவர்களிடம் முகம் சுளிக்காமல் "அடுத்த வாரம் புதுச் சரக்கு வருது, அவசியம் வாங்க" என்று சொல்ல வேண்டும் என்பதும் என் தகப்பனாருடைய வியாபார சாஸ்திரத்தின் முதல் இரண்டு சூத்திரங்கள். விரிந்த ஐம்பதையும் பழைய மடிப்பு மாறாமல் மடித்து வைப்பது, பள்ளிக்கூடம் விட்டு வந்த எனக்கு வாய்த்த கைங்கரியம்.

விலை பேசி, கரை பேசி, நீளம் பேசி எல்லாம் முடிந்த பிறகு, எந்த ஊர்க்காரராக இருந்தாலும் கடைசியாகக் கேட்கிற கேள்வி ஒன்று இருந்தது: "சாயம் போகுமா?" அந்தக் கேள்விக்கு என் தகப்பனார் வாயால் பதில் சொன்னதில்லை. துணியின் ஒரு மூலையைக் கூஜாத் தண்ணீரில் நனைத்து, இரண்டு விரலால் பிழிந்து, தாம் கட்டியிருக்கும் வெள்ளை வேட்டியின் தொடைப்பக்கத்தில் வைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பத்து எண்ணுகிற நேரம் பிடிப்பார். பிறகு துணியை எடுத்து, வேட்டியில் ஈரம் மட்டும் வட்டமாக நிற்பதைக் காட்டி, "ஒட்டியிருக்கா, பாருங்க" என்பார். அந்த ஈரவட்டம்தான் அவருடைய உத்தரவாதப் பத்திரம். வைகை மணலில் சௌராஷ்டிரர்கள் சாயம் தோய்த்த நூலைக் கொடிகட்டி உலர்த்துகிற ஊரில், கடுக்காயும் படிகாரமும் எதற்கு என்று குழந்தைகளுக்கும் தெரியும். சாயத்தை நூலில் ஏற்றுவது பாதி வேலை, ஏறிய சாயத்தை இறங்கவிடாமல் பிடித்து வைப்பதுதான் மீதி வேலை என்று அங்கே எல்லாரும் சொல்வார்கள். இதில் ஒரு விசேஷம், நனைக்கிற உரிமை கடைக்காரருக்கு மட்டுமே உண்டு. அவர் நனைப்பது தம் பொறுப்பில். வாடிக்கைக்காரர் தாமே துணியின் நுனியை வாயில் வைத்து நனைத்துப் பார்த்துவிட்டால், நனைத்த துணி மறுபடி கட்டில் சேராது. அதை அவர் எடுத்துக்கொண்டாக வேண்டும். இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எங்கள் வீதியில் யாரும் மீறியும் நான் பார்த்ததில்லை.

ஒரே ஒரு முறை அவர் ஏமாந்தார். நான் ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தபோது, தெரிந்த தரகர் ஒருவர் கட்டம் போட்ட சட்டைத் துணி ஒரு மூட்டை கொண்டுவந்து இறக்கினார். அவசரத்தில் தகப்பனார் மேல் துண்டை மட்டும் சோதித்து வாங்கிவிட்டார். ஐப்பசி மழையில் நனைந்து வந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார், புதுச் சட்டையின் நீலமும் பச்சையும் தம் வேட்டி முழுவதும் ஓடியிருந்த கோலத்தோடு படியேறி, ஒன்றும் பேசாமல் நின்றார். அன்றைக்கே அந்தத் துணி வாங்கியவர்களுக்கெல்லாம் ஆள் அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார் என் தகப்பனார். மீந்த துணி பரண்மேல் ஏறியது. அரை விலைக்காவது தள்ளிவிடலாம் என்று கணக்குப்பிள்ளை சொன்னபோது, "அது போனா காசு வரும், கடை போயிரும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அதன்பின் புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாள் அந்த மூட்டையைச் சுட்டிக் காட்டுவது கடையில் ஒரு சம்பிரதாயமாகிவிட்டது.

1964 செப்டம்பரில், கணக்காயர் படிப்புக்காக நான் லண்டன் போய்ச் சேர்ந்தேன். அந்தக் காலத்தில் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு பலமாக இருந்தபடியால், கப்பலேறுகிற இந்தியனின் சட்டைப் பையில் சர்க்கார் அனுமதித்தது மூன்றே பவுன். முதல் சில மாதங்கள் ஃபிட்ஸ்ராய் சதுக்கத்து இந்திய மாணவர் விடுதியில் சோற்றுக்குக் குறைவில்லாமல் கழிந்தன. பிறகு ஏர்ல்ஸ் கோர்ட்டில், ஷில்லிங் நாணயம் போட்டால்தான் எரிகிற காஸ் அடுப்போடு கூடிய ஒற்றை அறைக்குக் குடிபோனேன். வாரச் சம்பளம் ஒன்பது பவுன். எதை வாங்கினாலும் ரூபாயில் பெருக்கிப் பார்த்துக்கொள்வேன். 1966 ஜூன் ஆறாம் தேதி நம் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். முந்தின நாள் வரை பதின்மூன்றே கால் ரூபாய்க்குச் சற்று மேலாக இருந்த பவுன், மறுநாள் இருபத்தொரு ரூபாயாகி நின்றது. லண்டனில் ஒரு ரொட்டிக்கும் விலை ஏறவில்லை. என் மனத்துக்குள் மட்டும் சகலமும் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

விடுதியில் சிநேகமான யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் என்னைப் போலவே கணக்குப் படித்துக்கொண்டிருந்தார். கணக்குப் படித்தாரே ஒழியக் கணக்குப் பார்க்கிற ஸ்வபாவம் அவருக்கு இல்லை. கையில் காசில்லாதபோதுதான் கடைவீதிக்குப் போக வேண்டும், அப்போதுதான் பயமில்லாமல் பார்க்கலாம் என்பது அவர் கட்சி. 1967-ஆம் வருஷத்துக் கோடையில் ஒரு சனிக்கிழமை, எனக்கு அன்றுதான் சம்பளம் வந்து, பையில் ஏழு பவுன் சில்லறை இருந்த வேளையில், "வாரும் மச்சான், கிங்ஸ் ரோட்டுக்கு ஒருக்காப் போய் வருவம். சும்மா பாக்கிறதுக்குக் காசு கேக்கமாட்டாங்கள்" என்று வந்து நின்றார். வாடிக்கைக்காரர்களிடம் என் தகப்பனார் சொல்கிற வாக்கியத்தையே யாழ்ப்பாணத்துத் தமிழில் கேட்டதும் எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. ஏர்ல்ஸ் கோர்ட்டிலிருந்து 31-ஆம் நம்பர் பஸ் பிடித்தோம். அது போய் நிற்கும் இடத்துக்கு 'உலகத்தின் முடிவு' என்று பெயர். அங்கே இருக்கிற பழைய மதுக்கடையின் பெயர்தான் அந்தப் பேட்டைக்கும் வந்தது என்று நண்பர் சொன்னார். டிக்கெட் கேட்கும்போது கண்டக்டரிடம் அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

கிங்ஸ் ரோடு என்பது வெறும் அலங்காரப் பெயரல்ல. இரண்டாம் சார்லஸ் மன்னர் தம் சொந்தப் போக்குவரத்துக்காக வைத்திருந்த பாதை அது. 1830 வரையில் பொது ஜனங்களுக்குத் திறந்துவிடப்படவில்லை. நாங்கள் போன காலத்தில் அந்த வீதியை வேறொரு ராஜாங்கம் பிடித்துக்கொண்டிருந்தது. 1955-இல் மேரி குவாண்ட் என்ற இளம்பெண், கணவராக வரவிருந்த அலெக்ஸாண்டர் பிளங்கெட் கிரீனோடும் ஆர்ச்சி மெக்நேர் என்ற நண்பரோடும் சேர்ந்து அங்கே 'பஜார்' என்ற கடையைத் திறந்தார். பஜார் என்ற சொல் நம் பக்கத்துச் சொல் என்பதில் எனக்கு ஒரு சிறு கர்வம். தைப்பதற்கு வேண்டிய துணியை மொத்த வியாபாரியிடம் வாங்கலாம் என்பதே தெரியாமல், ஆரம்பத்தில் அவர் ஹாரட்ஸ் கடைக்குப் போய்ச் சில்லறை விலை கொடுத்துத் துணி வாங்கி, இரவெல்லாம் தைத்து, மறுநாள் விற்றார் என்று படித்தபோது, என் தகப்பனாரிடம் இதைச் சொன்னால் அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரிப்பார் என்று நினைத்தேன். ஆனால் அப்படி ஆரம்பித்தவருக்குப் பதினோரு வருஷத்தில் ராணி பதக்கம் கொடுத்தார். முழங்காலுக்கு மேல் எத்தனை அங்குலம் என்று தேசம் முழுவதும் விவாதிக்கிற நிலைமை வந்தது. சில்லறைக்கு வாங்கி விற்றால் கடை நிற்காது என்ற எங்கள் வீதியின் சித்தாந்தத்தை நான் அன்று முதல் சற்றுச் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தேன்.

'உலகத்தின் முடிவு' பக்கத்தில் இன்னொரு கடை. அதன் பெயர் 'கிரானி டேக்ஸ் எ டிரிப்'. பாட்டியம்மாள் ஒரு பிரயாணம் போகிறாள் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்தப் பிரயாணம் ரயிலிலோ கப்பலிலோ போகிற பிரயாணம் அல்ல என்று நண்பர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு விளக்கினார். அதன் முகப்பில் ஒரு சமயம் செவ்விந்தியத் தலைவர் ஒருவரின் பிரம்மாண்டமான முகம் தீட்டியிருக்கும். வேறொரு சமயம் பழைய சினிமா நடிகை ஜீன் ஹார்லோவின் முகம். விக்டோரியா ராணி காலத்துப் பழந்துணிகளைத் தேடிப் பிடித்து, இருபது வயதுப் பையன்களுக்கும் பெண்களுக்கும் அங்கே விற்றார்கள். போர்ட்டபெல்லோ ரோட்டில் 'ஐ வாஸ் லார்ட் கிச்சனர்ஸ் வாலட்' என்ற கடையிலோ, பழைய பட்டாளத்துச் சிவப்புக் கோட்டுகளே வியாபாரம். எங்கள் பாட்டனார் காலத்தில் வீதியில் வந்தால் ஜனங்கள் ஒதுங்கி நின்ற அந்தக் கோட்டைத் தோள்வரை முடி வளர்த்த ஒரு பையன், பித்தான் போடாமல், வெறுங்காலோடு அணிந்துகொண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி நடந்து போவதைப் பார்த்தபோது, சாம்ராஜ்யம் எப்போது போயிற்று என்ற கேள்விக்குச் சரித்திரப் புத்தகங்கள் சொல்கிற தேதியைக் காட்டிலும் திருத்தமான விடை எனக்குக் கிடைத்துவிட்டதாகத் தோன்றிற்று.

நாங்கள் நுழைந்த கடை இவற்றில் ஒன்றும் அல்ல. அதன் பெயர் இங்கே அவசியமில்லை. முன்பு அது மீன்கடையாக இருந்ததாம். கண்ணாடி ஜன்னலுக்கு உட்புறம் கறுப்புச் சாயம் பூசி, நடுவில் ஒரு சாண் சதுரம் மட்டும் விட்டு, அந்தச் சதுரத்துக்குள் ஒரு பறவைக்கூண்டும், கூண்டுக்குள் ஒற்றைச் செருப்பும் வைத்திருந்தார்கள். சரக்கை வெளிச்சத்தில் காட்டுகிறவன் வியாபாரி, இருட்டில் காட்டுகிறவன் திருடன் என்று எங்கள் வீதியில் ஒரு பேச்சு உண்டு. அதை நினைத்துக்கொண்டே உள்ளே போனேன். உள்ளே அதைவிட இருட்டு. அந்த மாதம் வெளிவந்து ஊரையே பைத்தியமாக அடித்துக்கொண்டிருந்த பீட்டில்ஸ் இசைத்தட்டு, எதிரில் நிற்பவர் பேசுவது கேட்காத அளவுக்கு அலறிற்று. மூலையிலே மைசூர் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. ஊதுபத்தி வாசனையும் இருட்டும் சேர்ந்தபோது, என்னையறியாமல் என் கால் செருப்பைக் கழற்ற இடம் தேடிற்று.

கல்லா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேஜை; மேஜைமேல் ஒரு பெண். அவளுடைய தலைமுடி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு வெட்டியதுபோல் நெற்றியிலும் காதோரத்திலும் கூர்கூராக நின்றது. கண்ணுக்கு மை, நம் ஊர்க் கல்யாணப் பெண்ணுக்கு இடுவதைவிட இரண்டு மடங்கு. நாங்கள் வந்ததை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தான் படித்துக்கொண்டிருந்த பத்திரிகையின் பக்கத்தைப் புரட்டினாள். அவ்வளவுதான் வரவேற்பு. "வாங்க" இல்லை, "என்ன வேண்டும்" இல்லை, ஒரு துணியையும் எடுத்து யார் மடியிலும் போடவில்லை. உடுப்புகள் ஏதோ காட்டு மரத்தில் காய்த்துத் தொங்குவதுபோல் வளைந்த மரத் தாங்கிகளில் தொங்கின; வேண்டியவன் போய்ப் பறித்துக்கொள்ள வேண்டியதுதான். போட்டுப் பார்க்க ஒரு திரை. திரைக்கு அப்பால் ஆணும் பெண்ணும் முறைவைத்துப் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. கறுத்த முகத்தைக் கண்டதால் இந்த அலட்சியமோ என்ற சந்தேகம், அந்த ஊரில் வீடு தேடி அலைந்த எவனுக்கும் எளிதில் வந்துவிடும். ஆனால் கால் மணி நேரம் நின்று கவனித்ததில், வெல்வெட் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்த ஒரு கனவானுக்கும், முத்துமாலை அணிந்த ஒரு சீமாட்டிக்கும் அவள் அதே பக்கம் புரட்டுகிற மரியாதையைத்தான் செய்தாள் என்று தெரிந்தது. பிறகு கோபம் போய்த் தொழில்முறையான ஆச்சரியம் பிறந்தது. இவர்கள் உபசாரத்தால் விற்கவில்லை. உபசாரம் செய்யாததால் விற்கிறார்கள். என் தகப்பனார் ஐம்பது சேலையை விரித்து, "உங்களுக்காகத்தான் இவ்வளவும்" என்று வாங்குகிறவரைப் பெரியவராக்குகிறார். இந்தப் பெண்ணோ, "உனக்கு இதை உடுத்துகிற லட்சணம் உண்டா என்று நீயே யோசித்துக்கொள்" என்று வாய் திறவாமல் சொல்லி, வந்தவர்களைச் சிறியவர்களாக்குகிறாள். சிறியவர்களானவர்கள் பணம் கொடுத்து மறுபடி பெரியவர்களாகிக்கொண்டு வெளியே போகிறார்கள். இரண்டு முறையிலும் கல்லா நிறைகிறது. எந்த முறை அதிகம் நிறைக்கும் என்பதை நான் அன்றே ஓரளவு ஊகித்துவிட்டேன், சொல்லத்தான் மனம் வரவில்லை.

"இஞ்ச பாரும் மச்சான், உம்மட ஊர்ச் சாமான்!" என்று நண்பர் இரைச்சலுக்கு மேல் கத்தினார்.

அது ஒரு சட்டை. நீலமும் மஞ்சளும் அரக்குச் சிவப்புமாகக் கட்டம் போட்ட கைத்தறித் துணி. விரல் பட்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது. கட்டத்தின் கோடுகள் அச்சுப் பிசகாமல் இருந்தாலும், ஊடை அங்கங்கே சற்று நெருங்கியும் சற்று விலகியும் இருந்தது. யந்திரத்தறிக்கு அந்த ஏற்ற இறக்கம் வராது. நாடாவைக் கையால் தள்ளுகிறவனுடைய மூச்சு ஏறி இறங்கினால்தான் வரும். முகர்ந்து பார்த்தேன், ஊதுபத்தியையும் மீறி, சாயப்பட்டறையின் எண்ணெய் கலந்த வாடை லேசாக வந்தது. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஃபிரான்ஸிஸ் டே வங்கக் கடலோரத்து மணல்மேட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியமான காரணம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் துணி மலிவு என்பதுதான். சென்னைப் பட்டினமே துணிக்காகப் பிறந்த பட்டினம். அந்தத் துணி முந்நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, பழைய மீன்கடை ஒன்றில், பறவைக்கூண்டுக்குப் பின்னால், என் கையில் அகப்பட்டது.

கழுத்துப்பட்டிக்குள் இருந்த சீட்டைத் திருப்பினேன்: ஆறு கினி. கினி என்பதைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இருபத்தொரு ஷில்லிங் கொண்ட அந்த நாணயம் புழக்கத்திலிருந்து போய் அப்போதே நூற்றைம்பது வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் உயர்ந்த கடைகள் விலையை அதிலேதான் சொல்லின. பவுனில் சொன்னால் கேட்பவன் மனம் பவுனைப் பார்க்கிறது. இல்லாத நாணயத்தில் சொன்னால், பவுனுக்கு ஒரு ஷில்லிங் வீதம் அதிகம் போவது அவனுக்கு உறைப்பதில்லை. ஆக, ஆறு பவுன் ஆறு ஷில்லிங். ரூபாயில் நூற்று முப்பத்திரண்டு. அந்த வருஷம்தான் தமிழ்நாட்டில் புதிய சர்க்கார் வந்து, சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி போட ஆரம்பித்திருந்தார்கள். அதை எழுதி, மதுரைக்கு எப்போது வருமோ என்று தகப்பனார் ஏங்கிய கடிதம் என் மேஜைமேல் இருந்தது. நூற்று முப்பத்திரண்டு படி அரிசி ஒரு சட்டையில் தொங்கிற்று.

"ஆறு கினியோ! விசரே இவங்களுக்கு?" என்றார் நண்பர்.

அப்போது நான் செய்த காரியத்துக்குச் சமாதானம் ஒன்றும் சொல்ல முடியாது. கை தானாகச் செய்தது. சட்டையின் கீழ்விளிம்பை நாக்கில் தொட்டு நனைத்து, இரண்டு விரலால் பிழிந்து, என் வெள்ளைக் கைக்குட்டையில் வைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பத்து எண்ணினேன். எடுத்தபோது கைக்குட்டையில் நீலமும் மஞ்சளும் பூத்து, நடுவில் பச்சையாகக் கலந்திருந்தன. சாயம் போகிறது! ஆறு கினி விலை சொல்லி, சாயம் போகிற துணியை விற்கிறார்கள்! வாத்தியாருடைய வேட்டி கண்முன் வந்தது. ஊதுபத்தியும் இருட்டும் இரைச்சலும் எதற்கு என்று எனக்கு அந்த க்ஷணம் விளங்கிவிட்டதாக ஒரு வெற்றிக் களிப்பு. கைக்குட்டையைக் கொடிபோல் பிடித்துக்கொண்டு மேஜைக்குப் போய், அந்தப் பெண்ணின் பத்திரிகைமேல் விரித்தேன்.

அவள் கைக்குட்டையைப் பார்த்தாள். முதன்முறையாக என் முகத்தையும் பார்த்தாள். பிறகு சட்டையை வாங்கி, உட்புறம் தைத்திருந்த இன்னொரு துணிச் சீட்டைத் திருப்பி, நகத்தால் தட்டிக் காட்டினாள். சென்னையில் கையால் நெய்தது என்று ஒரு வரி. அதன் கீழே, சாயம் கசியும் என்பதற்கு உத்தரவாதம் என்று ஒரு வரி. சாயம் போவதை ஆங்கிலத்தில் இரத்தம் வடிவதற்கு உள்ள சொல்லால் சொல்வார்கள். ஆகையால் அந்தச் சட்டை இரத்தம் சிந்தும் என்று சத்தியம் செய்து விற்பதுபோல் இருந்தது. கசிந்தால்தான் அசல், கசியாதது போலி, ஒவ்வொரு சலவைக்கும் நிறம் மாறும், இரண்டு பேர் சட்டை ஒன்றுபோல் இராது, அதற்குத்தான் இந்த விலை என்று அவள் சிறு குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, மறுபடி பத்திரிகைக்குப் போய்விட்டாள்.

வெளியே போய்விடலாம். அவள் ஒன்றும் கேட்டிருக்க மாட்டாள். நனைந்த விளிம்பு ஐந்து நிமிஷத்தில் உலர்ந்திருக்கும். ஒருவேளை அந்த ஈரக் கறையே அதன் அசல் தன்மைக்கு அத்தாட்சியாக இன்னும் அரைக் கினி கூட்டியிருக்கும். ஆனால் நனைத்தவன் நான். கடைக்காரர் நனைத்தது அல்ல, வாடிக்கைக்காரன் எச்சிலில் நனைத்தது. இந்தக் கடையில் அந்த விதி கிடையாது என்பது எனக்குத் தெரியும். அந்த விதி என்ன கடையில் இருந்ததா, என்னிடம் இருந்தது. பையிலிருந்து ஆறு பவுன் ஆறு ஷில்லிங்கை எண்ணி மேஜைமேல் வைத்தேன். "ஒரு துளித் தண்ணிக்கு ஆறு கினி! உமக்கும் விசர்தான் மச்சான்" என்று நண்பர் பஸ் ஏறுகிற வரையில் சொல்லிக்கொண்டே வந்தார். அடுத்த சம்பளம் வரையில் எனக்கு ரொட்டியும் அவித்த பயறும்தான். பாதி நாள் அதையும் அவரே வாங்கிக் கொடுத்தார்.

முதல் சலவை, வீட்டுக்காரியம்மாளின் எனாமல் பேசினில் நடந்தது. தண்ணீர் மசியாகிவிட்டது, கூட ஊறிய என் இரண்டு பனியன்களும் வானத்து நிறம் கொண்டன, நான் பேனா மசியைக் கொட்டிவிட்டேன் என்று அந்த அம்மாள் இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாம் சலவைக்குப் பிறகு சிவப்பு மஞ்சளுக்குள் கசிந்து, காம்புப் பக்கம் பழுத்த மாம்பழத் தோலின் நிறம் ஒன்று வந்தது. கட்டங்களின் ஓரம் கரைந்து, துணியே ஏதோ ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால் மழையில் நிற்பதுபோல் ஆயிற்று. அழகாக இருந்தது என்று சொல்ல எங்கள் கடையில் வளர்ந்த நாக்கு இடறுகிறது. என்னிடம் மூன்று வருஷமாக ஒரு வார்த்தை பேசியிராத ஆபீஸ் மேலதிகாரி ஒருவர், ஒரு சனிக்கிழமை அதை எங்கே வாங்கினேன் என்று விசாரித்தார்.

அந்தச் சீட்டின் வரலாறு எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நான் கணக்குத் தணிக்கைக்குப் போன துணி இறக்குமதியாளர் ஒருவர், என் ஊர்ப் பக்கம் எது என்று தெரிந்துகொண்டு சிரித்துச் சிரித்துச் சொன்னார். 1958-இல் அமெரிக்கத் துணி வியாபாரி ஒருவர் இந்திய ஏற்றுமதியாளர் ஒருவரிடம் ஆயிரக்கணக்கான கஜம் கட்டம் போட்ட துணி வாங்கிப் போனாராம். இது சாயம் போகும், பச்சைத் தண்ணீரில் தனியாக அலச வேண்டும் என்று ஏற்றுமதியாளர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாராம். நியூயார்க்கிலே ப்ரூக்ஸ் பிரதர்ஸ் அதை உடுப்பாகத் தைத்து விற்றபோது, அந்த எச்சரிக்கை மட்டும் வாங்கினவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. சலவை யந்திரத்தில் போட்டவர்கள் வீட்டுத் துணியெல்லாம் வர்ணமாகிச் சண்டைக்கு வந்தார்கள். சரக்கைத் திருப்பி அனுப்பிச் ஏற்றுமதியாளர்மேல் வழக்குப் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில், விளம்பரத்துறையின் புத்திசாலிகள் அந்தக் குற்றத்தையே குணமாக மாற்றி எழுதிவிட்டார்கள். கசியும் என்று உத்தரவாதம் செய்ததும், கசிகிற துணிக்காக ஜனங்கள் வரிசையில் நின்றார்களாம். ஜவுளி வட்டாரத்துக் கதை. சொல்கிறவருக்குச் சொல்கிறவர் கொஞ்சம் ஜரிகை கூடும். நான் மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் பரண் மூட்டை அதே காலத்து மூட்டை.

1970-இல் பரீட்சை முடித்து ஊர் திரும்பினேன். சட்டையைப் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன். தகப்பனாரிடம் காட்டும் உத்தேசம் இல்லை. ஆனால் பெட்டியைப் பிரித்தவர் அவர். கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்த காலம். சட்டையின் முன்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. நேரே உட்புறத்தைத் திருப்பி, தையலைத் தடவி, நூல் எண்ணுகிற கண்ணாடியை வைத்து வெகுநேரம் குனிந்திருந்தார்.

"நம்ம பக்கத்து நெசவு இல்லை. அச்சு வேற. வடக்கே, பட்டணத்துப் பக்கம்" என்றார். "என்ன விலைடா?"

"முப்பது ரூபாய் இருக்கும் அப்பா." நூறு ரூபாயை அந்த இடத்திலேயே விழுங்கினேன்.

"முப்பதா?" அவருக்கு அதுவே அதிகமாக இருந்தது. கூஜாவை இழுத்து, விளிம்பை நனைத்து, பிழிந்து, வேட்டியில் வைத்து அழுத்தினார். அவர் உதடு எண்ணுவது தெரிந்தது. எடுத்தபோது, மூன்று வருஷச் சலவைக்குப் பிறகும், வெளிறிய நீலம் ஒரு ரூபாய் அகலத்துக்கு வேட்டியில் நின்றது.

"இன்னும் போகுதேடா. தெரிஞ்சா வித்தான்?"

"தெரிஞ்சுதான். சாயம் போகும்னு சீட்டே தைச்சிருக்கான், பாருங்க."

அவர் சீட்டைக் கண்ணருகில் கொண்டுபோனார். எழுத்து தெரிந்ததோ இல்லையோ, வெகுநேரம் வைத்திருந்தார். "சொல்லித்தான் வித்தானா?" என்று இரண்டாம் முறை கேட்டார். பிறகு உட்பக்கம் திரும்பி, "யோவ் கணக்கு, பரண்மேல அந்தக் கட்டம் போட்ட மூட்டை கிடக்கா?" என்றார்.

"எந்த மூட்டைங்க முதலாளி?"

"அதான்யா, சாயம் போனது."

கணக்குப்பிள்ளை பேரேட்டிலிருந்து தலை நிமிர்ந்தார். "அதைத்தான் தனுஷ்கோடிப் புயலப்ப நிவாரண லாரியில ஏத்தி விட்டோமே. நீங்கதானே சொன்னீங்க, இனாமாக் குடுக்கிறதுதானே, சாயம் போனா என்னன்னு."

1964 டிசம்பர் புயல். நான் கப்பலேறி மூன்று மாதம் ஆகியிருந்தபோது வந்தது. தகப்பனார் ஒன்றும் சொல்லவில்லை. வேட்டியின் மடிப்பை இழுத்து அந்த நீல வட்டத்தை மூடிக்கொண்டார். படியில் யாரோ செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. "வாங்க, வாங்க, உட்காருங்க" என்றார்.